பரம்பரை நகைக்கடையில் புதிதாக உட்காரும் பிள்ளைகளுக்கு

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் எங்கள் கடை. மண் கேரளத்து மண், வாய் திறந்தால் தமிழ். கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி, வேலந்தாவளம் தாண்டினால் கோயம்புத்தூர். மறுபக்கம் சித்தூர், பாலக்காடு, அப்புறம் திருச்சூர். தாத்தா பட்டறை போட்டார், அப்பா அதைக் கடையாக்கினார், நான் பி.காம். முடித்த கையோடு கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். இந்த வருஷம் தம்பி மகன் வந்திருக்கிறான். அவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் "சொந்தக் கடைதானே, பார்த்துப் பார்த்தே பழகிடும்" என்று சொல்லியிருப்பார்கள். பழகாது. பார்த்துப் பழகியவர்கள்தான் முதல் வருஷத்தில் அதிகம் தொலைக்கிறார்கள்.

தாத்தாவிடம் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று ரூபாய்க் கணக்கு எழுதும் நோட்டு, இன்னொன்று எடை நோட்டு. ராத்திரி கடை அடைக்கும்போது அவர் முதலில் திறப்பது எடை நோட்டைத்தான். ரூபாய் கூடும் குறையும், பெட்டியில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதுதான் கடை என்பார். நான் கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த நோட்டை ஒழுங்காக எழுதுவதற்கான வழிதான்.

முதல் மூன்று மாதம்: தராசு மட்டும்

விற்க ஆசைப்படாதீர்கள். எடை போடுங்கள். மில்லிகிராம் காட்டும் மின்னணுத் தராசில் கடைசி இலக்கம் காற்றுக்கே ஆடும். கண்ணாடிக் கூண்டை மூடாமல் மேலே ஃபேனை ஓடவிட்டு எடை போட்டால் எண் நிற்காது. காலையில் முதல் வேலை, படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பது. வருஷத்துக்கு ஒருமுறை எடையளவுத் துறையின் முத்திரை வாங்க வேண்டும். தேதியை நீங்களே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகையை ரோஸ் தாளில் மடித்து வைத்திருப்போம். தாளோடு எடை போடக்கூடாது. சிரிக்காதீர்கள், அவசரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. தட்டில் வைத்ததும் எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்புறம் காட்சித் திரையை வாங்குபவர் பக்கம் திருப்புங்கள், அதற்கப்புறம்தான் எழுதுங்கள். பவுன் என்றாலும் சவரன் என்றாலும் நம் இரண்டு பக்கத்திலும் 8 கிராம்தான், அதில் குழப்பமில்லை. குண்டுமணிக் கணக்கில் கேட்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கிராமில் சொல்லி, கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் போதும். பல பேர் கை, தராசுக்கு அரை கிராம் பக்கத்தில் சொல்லிவிடும்.

மோதிரத் தட்டு வெளியே வரும்போது ஒரு எடை, உள்ளே போகும்போது ஒரு எடை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். இருபத்துநாலு மோதிரம் போய் இருபத்துநாலு மோதிரமே திரும்பியிருக்கும், அதில் ஒன்று நம்முடையதாக இருக்காது.

அடுத்தது மாற்று

பத்தரை மாற்றுத் தங்கம் என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த மாற்றுதான் இது, அதாவது தங்கத்தின் தரம். உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுங்கள், பக்கத்தில் தரம் தெரிந்த தங்கத் துண்டால் ஒரு கோடு இழுங்கள், மேலே ஆசிட் ஒரு துளி. தரம் குறைந்த கோடு முதலில் மங்கும். சொல்ல ஒரு நிமிஷம், கண்ணுக்குப் பழக ஒரு வருஷம். தினமும் பத்துக் கோடு இழுங்கள். இப்போது காரட் மீட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல மெஷின்தான், ஆனால் அது மேல்பரப்பைத்தான் பார்க்கும். கனமாக முலாம் பூசிய வளையலை அது 22 காரட் என்றே சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெட்டியோ உருக்கியோதான் பார்க்க முடியும்.

புது நகைக்கு ஹால்மார்க் இருக்கிறது. 2021 ஜூன் 16 முதல் 256 மாவட்டங்களில் கட்டாயமாக்கினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யூஐடி, அதாவது ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள எண், இல்லாத நகையை விற்கக்கூடாது. முத்திரையில் மூன்று விஷயம் இருக்கும்: பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) சின்னம், 22கே916 போன்ற தரக்குறி, எச்யூஐடி. லென்ஸ் வைத்து மூன்றையும் படித்துக்காட்டுங்கள், பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு கிராமுக்குக் கீழே உள்ள மூக்குத்தி, சின்னத் தோடு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் இருக்கும் பழைய நகையில் முத்திரை இல்லையே, செல்லாதா என்று பயந்து கேட்பார்கள். விதி கடைக்காரருக்குத்தான், அவர்களுக்கு இல்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள்.

"கேடிஎம்தானே?" என்று கேட்பவர்கள் இன்னும் வருகிறார்கள். அது தரமே இல்லை, பற்றவைப்பில் கேட்மியம் சேர்ப்பதைக் குறிக்கும் சொல். அந்தப் புகையை இழுத்து நெஞ்சு கெட்ட, நகை செய்யும் பத்தர்களை நான் அறிவேன்.

இரண்டு விலை நடுவே ஒரு கடை

எல்லைக்காரர்களுக்கு மட்டும் உள்ள தலைவலி இது. காலையில் கேரளத்து வியாபாரிகள் சங்கம் ஒரு விலை சொல்லும், சென்னை விலை என்று இன்னொன்று வரும். இரண்டுக்கும் சில ரூபாய் வித்தியாசம் இருக்கும், சில நாள் மாறிமாறி இருக்கும். வாங்க வருபவர் போனில் இரண்டையும் வைத்திருப்பார், அவருக்குக் குறைந்தது எதுவோ அதைக் காட்டுவார். எங்கள் கடையில் கேரள விலைதான், வருஷம் முழுக்க. இன்றைக்கு அது, நாளைக்கு இது என்று மாற்றினால் பத்து நாளில் பேர் போய்விடும். 2019 ஆகஸ்டிலிருந்து 2021 ஜூலை வரை கேரளத்தில் வெள்ள நிவாரணத்துக்காகத் தங்கத்துக்குக் கால் சதவீதம் கூடுதல் வரி இருந்தது. 80,000 ரூபாய்க்கு 200 ரூபாய். அதற்காகப் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறியவர்கள் உண்டு. திரும்பி வரும்போது எங்கள் கடையில் நுழைந்து, பஸ் கூலியையும் சேர்த்துச் சொல்லிச் சிரித்தவர்களும் உண்டு.

விலை விஷயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: இன்று எத்தனை கிராம் விற்றதோ அத்தனை கிராமை இன்றே திரும்ப வாங்கிவிடுங்கள், இல்லை விலை பேசி உறுதியாவது செய்துவிடுங்கள். நாளைக்கு இறங்கும் என்று காத்திருப்பது வியாபாரம் இல்லை, சூதாட்டம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கே சவரனுக்குச் சுமார் இரண்டாயிரம் ரூபாய் இறங்கியது. விலை ஏறும் என்று நம்பி, கடன் வாங்கி அதிகமாகத் தங்கக் கட்டி வாங்கிப் போட்டிருந்தவர்கள் அன்று ராத்திரி தூங்கவில்லை. எங்கள் பெட்டியிலும் மதிப்பு இறங்கியதுதான். ஆனால் எடை நோட்டில் அன்றைய கடைசி வரி முந்தின நாள் மாதிரியே இருந்தது. அப்பா ஓட்டலில் இருந்து பரோட்டா வாங்கிவரச் சொன்னார்.

பில்லை விளக்கத் தெரிய வேண்டும்

பொள்ளாச்சிப் பக்கத்து அக்கா "சேதாரம் எத்தனை?" என்று கேட்பார். சித்தூர்ப் பக்கத்துச் சேச்சி "பணிக்கூலி எத்தர?" என்று கேட்பார். இரண்டு பேருக்கும் ஒரே கணக்கைத்தான் சொல்லப்போகிறோம், சொல்லும் வார்த்தைதான் வேறு. கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கிராம் சங்கிலி 80,000. செய்கூலி, சேதாரம் எல்லாம் சேர்த்துப் பத்து சதவீதம் என்றால் 8,000. ஆக 88,000. அதன்மேல் 3 சதவீத ஜிஎஸ்டி 2,640. மொத்தம் 90,640. ஹால்மார்க் கட்டணம் உருப்படிக்கு 45 ரூபாய், அதற்கு வரி தனி. இதைக் காகிதத்தில் அவர்கள் கண் முன்னே எழுதிக் காட்டுங்கள். கால்குலேட்டரைத் தட்டிக் கடைசித் தொகையை மட்டும் நீட்டாதீர்கள்.

கல் வைத்த நகை என்றால் பில்லில் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் எடை என மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். கல்லைத் தங்க விலைக்கு விற்பது இந்தத் தொழிலின் பழைய பாவம். அது பத்து வருஷம் கழித்து, மாற்ற வரும்போதுதான் தெரியும். அப்போது கல்லாவில் உட்கார்ந்திருப்பது நீங்கள்.

பழைய நகை: இங்கேதான் கவனம்

நான் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் வருஷம், அப்பா கோயம்புத்தூர் போயிருந்த நாள். ஒரு அம்மா சிவப்புக்கல் அட்டிகை கொண்டு வந்தார். பின்பக்கம் தகடு மூடியது. உரசினேன், 22 சுத்தமாக வந்தது. எடை 31.400. கல்லுக்கு நாலு கிராம் போகட்டும் என்று கண்ணளவில் கழித்து 27.400 கிராமுக்கு விலை போட்டேன். மறுநாள் பத்தர் பிரித்தார். உள்ளே அரக்கு. கல்லையும் அரக்கையும் எடுத்துவிட்டு உருக்கினால் 23.100. நாலு கிராமுக்கு மேல் போயிற்று. அப்பா திட்டவில்லை. எடை நோட்டில் என் பெயரைப் போட்டு "4.300, பற்று" என்று எழுதினார். அந்த வரி இன்னும் அடிக்கப்படாமல் இருக்கிறது.

அதனால் முறையைச் சொல்கிறேன். கல் நகை, உள்ளே கூடான நகை, மூடிய நகை எதையும் பிரிக்காமல் விலை சொல்லாதீர்கள். பிரிப்பதற்கும் உருக்குவதற்கும் சம்மதம் என்று எழுதி வாங்குங்கள். கொண்டு வந்தவர் கண் முன்னே உருக்குங்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். ஒரு சங்கிலி 16.240 கிராம் என்று வையுங்கள். உருக்கியதும் அழுக்குப் போய் 15.900. தரம் பார்த்தால் நூற்றுக்கு 86. அப்படியானால் சுத்தத் தங்கம் 13.674 கிராம். 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 தங்கம், அதனால் அதை 0.916ஆல் வகுத்தால் 22 காரட்டில் 14.928 கிராம். இந்த 14.928தான் எடை நோட்டில் வரவு. 16.240 இல்லை.

"22 காரட் என்று சொல்லித்தானே வாங்கினோம், எப்படி 86 ஆகும்?" என்று கோபப்படுவார்கள். ஏமாற்று எல்லா நேரமும் காரணம் இல்லை. பழைய காலத்தில் ஒவ்வொரு கண்ணியையும் தரம் குறைந்த பொடி வைத்து ஊதித்தான் பற்றவைப்பார்கள். நூறு கண்ணி உள்ள சங்கிலியில் நூறு பற்று. மொத்தமாக உருக்கினால் தரம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சங்கிலியில் நம் தாத்தாவின் எழுத்து முத்திரை இருந்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அதை 22 என்றே எடுத்துக்கொள்வோம். குறைவது எங்கள் கணக்கில். ஆடிட்டர் இதை வியாபாரமில்லை என்பார். இருக்கட்டும், அந்தக் குடும்பத்தின் மூன்றாவது கல்யாணம் எங்கள் கடையில்தானே நடக்கிறது.

அப்புறம் எல்லை என்றால் திருட்டு நகையும் வரும். அந்த மாநிலத்தில் அறுத்த சங்கிலியை இந்த மாநிலத்தில் விற்பது பழைய வழக்கம். தெரியாத முகம், அறுந்த கொக்கி, விலையைப் பற்றிக் கவலைப்படாத பேச்சு, மூன்றும் சேர்ந்தால் "முதலாளி இல்லை, நாளைக்கு வாங்க" என்று சொல்லுங்கள். தெரிந்த முகமாக இருந்தாலும் அடையாள அட்டை நகல், போன் நம்பர், கையெழுத்து எல்லாம் வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பழைய நகைக்கு ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவு கழியாது, வங்கி வழியாகவே கொடுங்கள்.

பத்தர் கணக்கு

நாங்கள் கோயம்புத்தூரிலும் உள்ளூரிலும் பட்டறைகளுக்குத் தங்கம் கொடுத்து வேலை வாங்குகிறோம். கொடுக்கிறபோது சலான் எழுதாமல் ஒரு கிராம்கூட வெளியே போகக்கூடாது. கேரளத்துக்குள்ளேயே 10 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள தங்கம் நகர்ந்தால் 2025 முதல் இ-வே பில்லும், அதாவது சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டும் வேண்டும்.

கணக்கை ஒரு உதாரணத்தில் பாருங்கள். பத்தரிடம் 24 காரட் கட்டி 100 கிராம் கொடுத்தீர்கள். 22 காரட்டில் அது 109.170 கிராம். அவர் 105 கிராம் சங்கிலியும் 2.600 கிராம் வெட்டுத் துண்டும் திருப்பித் தருகிறார். வித்தியாசம் 1.570. பேசிய சேதாரம் நூற்றுக்கு 1.2 என்றால் 105 கிராமுக்கு 1.260. மீதி 0.310 கிராம் அவர் நமக்குத் தர வேண்டும். அதைக் கிராமாகவே எழுதுங்கள். "விடுங்க, ரூபாயில் பார்த்துக்கலாம்" என்று மாற்றினால் எந்தத் தேதி விலை என்று சண்டை வரும். கிராமுக்குத் தேதி கிடையாது.

பத்தர் முழுசாகத் திருடுகிறார் என்று நினைக்கும் கடைக்காரப் பிள்ளைகள் ஒரு நாள் பட்டறையில் போய் உட்காருங்கள். அராவும்போது தூள் எங்கெல்லாம் பறக்கிறது என்று பாருங்கள். மேஜை, மடியில் கட்டிய துணி, கை கழுவும் தொட்டி, கால் மிதி. அந்தக் குப்பையையும் கழுவிய தண்ணீரையும் சேர்த்து வைத்து விற்பார்கள், வாங்குவதற்கென்றே ஆள் வரும். தாத்தா 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தபோது பட்டறையில் இருந்தவர். 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக்கூடாது என்று விதி. இந்த ஊரில் யார் 14 காரட்டில் தாலி கேட்பார்கள்? வேலை இல்லாமல் போன பத்தர்களில் சிலர் தறிக்குப் போனார்கள், சிலர் தோப்புக் கூலிக்குப் போனார்கள் என்று சொல்வார். கட்டுப்பாட்டுச் சட்டத்தை முழுசாக எடுத்தது 1990இல்தான். அதனாலோ என்னவோ, பத்தருக்குக் கூலி பாக்கி வைப்பதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ளவே மாட்டார்.

தாலி விஷயத்தில் வாயை மூடுங்கள்

இங்கே ஒரே தெருவில் ஆலிலைத் தாலி கட்டுபவர்கள் இருக்கிறார்கள், சிலுவை பதித்த மின்னு கட்டும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், கொங்குப் பக்கத்துத் தாலிகள் சாதிக்கொரு வடிவம். கேட்லாக்கைத் திறந்து "இது நல்லா இருக்கும்" என்று சொன்னால் மாப்பிள்ளையின் அத்தை எழுந்து போய்விடுவார். வீட்டில் பெரியவர் கழுத்தில் இருக்கும் தாலியைக் காட்டச் சொல்லுங்கள், அல்லது படம் கேளுங்கள், வரைந்துகொள்ளுங்கள், திரும்பக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள். சித்தூர்க் கோயிலில் கொங்கன்படைத் திருவிழா நடக்கும், கொங்கு நாட்டுப் படையைத் தோற்கடித்ததைக் கொண்டாடுவது. அதற்கு மறுநாளே கொங்கன் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாயர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சேர்த்து எடை போட்டிருக்கிறேன். கேரளத்துப் பாலைக்கா மாலையும் கேட்பார்கள், தோளில் போடும் வங்கியும் கேட்பார்கள். இரண்டு பக்கத்துப் பெயரையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

காகிதங்கள், சுருக்கமாக

ஒரு பில் இரண்டு லட்சத்தைத் தாண்டினால் பான் எண். ரொக்கமாக இரண்டு லட்சமோ அதற்கு மேலோ வாங்கவே கூடாது. ஒரே கல்யாணத்துக்கு இரண்டு பில்லாகப் பிரித்தாலும் அது தப்புதான், வாங்கிய தொகை அளவுக்கு அபராதம் வரும். மாதச் சேமிப்புத் திட்டம் நடத்துகிறீர்கள் என்றால் 11 மாதத்தோடு முடியுங்கள். கம்பெனியாகப் பதிவான கடை வாங்கும் முன்பணத்துக்கு 365 நாளுக்குள் நகை கொடுக்காவிட்டால் அது வைப்புத்தொகையாகிவிடும், அதற்கு விதியே வேறு. இன்சூரன்ஸை வருஷா வருஷம் பெட்டியில் இருக்கும் எடைக்கும் அன்றைய விலைக்கும் தக்கபடி உயர்த்துங்கள். விலை இவ்வளவு ஏறியபின் பழைய தொகையிலேயே புதுப்பிக்கும் கடைகள் நிறைய.

வீட்டுக்குள் ஒரு தராசு

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது எங்களிடம் பாகப் பத்திரமும் இல்லை, கூட்டு ஒப்பந்தமும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் எதற்கு என்று விட்டிருந்தார்கள். ரூபாயில் மதிப்புப் போட்டபோது மூன்று வாரம் பேச்சு நடந்து முடியவில்லை, தினமும் விலை மாறுகிறதே. கடைசியில் அத்தைதான் தராசை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைக்கச் சொன்னார். எடையைப் பாதியாகப் பிரித்தோம், ஒரே சாயங்காலத்தில் முடிந்தது. கடைப் பெயரைத்தான் பிரிக்க முடியவில்லை. இரண்டு போர்டிலும் தாத்தா பெயர் இருக்கிறது. நீங்கள் இப்போதே பெயர் யாருக்கு, பெட்டிச் சாவி யாரிடம், வெளியே போகிறவருக்கு எத்தனை கிராம், எந்தத் தவணையில் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஆடிட்டரிடம் ஒரு நகல் வையுங்கள். வீட்டுப் பெண்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும் நகையும் எடை நோட்டில் வர வேண்டும். என் மனைவி போட்டிருக்கும் வளையல்கூட அதில் இருக்கிறது, அவருக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

முழு இருப்பு எடுப்பதற்கு ஆடி மாதம் வசதி. நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம், இரண்டு பக்கமும் கல்யாணம் இல்லை. ஆவணி பிறந்தால் சிங்கமாசக் கூட்டம் வந்துவிடும், அப்புறம் நேரம் கிடைக்காது. இரண்டு நாள் கதவைப் பாதி சாத்திவிட்டு ஒவ்வொரு உருப்படியாக எடை போடுங்கள். போன ஆடியில் எங்களுக்கு 0.420 கிராம் இடித்தது. தம்பி மகன் போகட்டும் பெரியப்பா, அரை கிராம்கூட இல்லையே என்றான். தேடச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் பழைய ரோஸ் தாள்களை உதறியபோது ஒரு மடிப்பில் குழந்தைத் தோடு ஒற்றையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தாளிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தான், கூண்டை மூடினான், எண்ணை வாய்விட்டுச் சொன்னான்: 0.420.